மஞ்சக்குப்பம் வீடு குழு: யாமினி வேலை விஷயம்

சனிக்கிழமை

காலை 7:14 – செல்வி அத்தை: மல்லிகா, புதுச்சேரி எஃப்எம் ரேடியோவுல இன்னிக்கு யாமினி குரல் வரலியே. வேற யாரோ பேசறாங்க. உடம்பு கிடம்பு சரியில்லையா?

7:15 – புவனா: அம்மா குரூப்ல கேக்காதீங்க

7:15 – செல்வி அத்தை: ஏன்

7:22 – மல்லிகா: பரவால்ல புவனா, எப்படியும் தெரியத்தானே போவுது. நேத்து சாயங்காலம் வேலையை விட்டு எடுத்துட்டாங்க அண்ணி. ராத்திரி பூரா தூங்கல அவ.

7:23 – செல்வி அத்தை: ஐயோ

7:25 – பெரியப்பா: என்ன காரணம்? மைக்ல ஏதாச்சும் ஏடாகூடமா பேசிட்டாளா?

7:31 – யாமினி: எதுவும் பேசல பெரியப்பா. ரீஸ்ட்ரக்சரிங்னு ஒத்தை வார்த்தைதான். 4 மணிக்கு வீடியோ கால்ல கூப்பிட்டாங்க, ஐடி கார்டை வாங்கிட்டாங்க, 6 மணிக்கு ஆபீஸ் மெயில் லாக். ராஜினாமா லெட்டரை அவங்களே டைப் பண்ணி வெச்சிருக்காங்க. திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டா ஒரு மாசச் சம்பளமும் அனுபவச் சான்றிதழும் தருவாங்களாம்.

7:32 – ரவி மாமா: போட்டுட்டியா?

7:32 – யாமினி: இல்ல மாமா

7:33 – ரவி மாமா: போடாதே.

7:40 – ரவி மாமா: ஏன்னு சொல்றேன், எல்லாரும் பொறுமையா படிங்க. ராஜினாமான்னு கையெழுத்துப் போட்டா, சட்டப்படி அவளே விட்டுட்டுப் போனதாத்தான் அர்த்தம். வேலைநீக்கமே நடக்கலை. அப்புறம் நோட்டீஸ் சம்பளம், இழப்பீடு, தொழிலாளர் துறை மனு எதுக்கும் பிடி இருக்காது. அவங்க தர்ற ஒரு மாசச் சம்பளம் சலுகையே இல்ல. ஒரு வருஷம் தொடர்ச்சியா வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்புன்னு அனுப்பினா, காரணத்தோட ஒரு மாசம் முன்னாடி எழுத்துல நோட்டீஸ், இல்லாட்டி அதுக்கு ஈடா ஒரு மாசச் சம்பளம். அதுக்கு மேல, முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். 1947 தொழில் தகராறு சட்டத்துலயும் இதுதான் இருந்துச்சு, அதுக்குப் பதிலா 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்த புதுச் சட்டமான தொழில் உறவுத் தொகுப்புலயும் இதுதான். முதல் பாதியை மட்டும் காட்டி மீதியை எழுதி வாங்கப் பாக்கறாங்க.

7:41 – புவனா: 👍

7:44 – பெரியப்பா: ரவி சொல்றது சரிதான். ஆனா ஊரு சின்னது. சுமுகமா ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வந்தா நாளைக்கு இன்னொரு ஸ்டேஷன்ல கேட்டாலும் நல்லபடியா சொல்லுவாங்க. பொம்பளைப் புள்ள, கோர்ட்டு கேஸுன்னு அலையணுமா?

7:46 – செல்வி அத்தை: சும்மா ஒரு கையெழுத்துன்னுதான் மஞ்சக்குப்பம் வீட்டுப் பத்திரத்துலயும் சொன்னீங்க அண்ணே

7:46 – பெரியப்பா: அது இப்ப எதுக்கு?

7:47 – செல்வி அத்தை: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

7:47 – பெரியப்பா: படிச்சிட்டேன்.

7:52 – கார்த்தி: யாமினி, இன்னிக்கே செய்ய வேண்டியது. வருமான வரி சைட்ல 26ஏஎஸ் (உன் பேர்ல பிடிச்ச வரிக் கணக்கு) இறக்கு, சேர்ந்த வருஷத்துல இருந்து எல்லாத்தையும். உனக்குப் பிடிச்ச டிடிஎஸ் எந்தப் பிரிவுன்னு பாரு. 192-ன்னா சம்பளம். 194ஜே-ன்னா தொழில்முறைக் கட்டணம், அதாவது உன்னை ஊழியர்னே அவங்க காட்டல.

7:54 – யாமினி: மொத ரெண்டு வருஷம் வேற ஒரு மேன்பவர் ஏஜென்சி மூலமா, பிஎஃப் பிடிச்சாங்க. அப்புறம் "கன்சல்டன்ட்"னு மாத்திட்டாங்க. 11 மாசத்துக்கு ஒருதரம் புது அக்ரிமென்ட். மாசம் 26,000.

7:55 – கார்த்தி: அப்ப 194ஜே, 10 சதவீதம்தான் இருக்கும். ரிட்டர்ன் என்ன படிவத்துல போட்ட?

7:55 – யாமினி: ஐடிஆர் 4. ஆடிட்டர் போட்டாரு

7:56 – கார்த்தி: "பார்த்தீங்களா, இவங்களே சுயதொழில்னு ஒத்துக்கிட்டாங்க"ன்னு அதைத் தூக்கிக் காட்டுவாங்க

8:03 – ரவி மாமா: காட்டட்டும். கார்த்தி சொல்றது சரி, ஆனா அதோட கதை முடியாது. அக்ரிமென்ட்ல என்ன பேரு வெச்சிருக்காங்கன்னு மட்டும் பார்த்து அதிகாரி முடிவு பண்ண மாட்டார். வேலையை யாரு கட்டுப்படுத்தினாங்க, எத்தனை மணிக்கு வரணும்னு யாரு சொன்னாங்க, லீவை யாரு குடுத்தாங்க, கருவி யாரோடது, வேற இடத்துல வேலை செய்யத் தடை இருந்துச்சா, இதையெல்லாம் கேப்பாங்க. கன்சல்டன்ட் யாராச்சும் லீவுக்கு மெசேஜ் போட்டு அனுமதி கேப்பாங்களா? யாமினி, ஷிஃப்ட் ரோஸ்டர், லீவு கேட்ட மெசேஜ், லேட்டுக்குத் திட்டின மெசேஜ், டார்கெட் மெயில் எல்லாம் போன்ல இருக்கா?

8:05 – யாமினி: ஆபீஸ் குரூப்ல இருந்தது மாமா. குரூப்ல இருந்து எடுத்துட்டாங்க

8:06 – புவனா: எடுத்தாலும் பழைய சாட் உன் போன்ல இருக்கும். டெலிட் பண்ணிடாதே. மூணு புள்ளியை அழுத்தி எக்ஸ்போர்ட் சாட், உன் சொந்த மெயிலுக்கு அனுப்பு. ஸ்கிரீன்ஷாட் எடுத்தா தேதியும் நம்பரும் தெரியற மாதிரி எடு

8:07 – ரவி மாமா: சபாஷ் புவனா. யாமினி, போனை மாத்தவோ ரீசெட் பண்ணவோ கூடாது, கேஸ் முடியற வரைக்கும்.

8:09 – சுரேஷ்: எல்லாருக்கும் காலை வணக்கம். பாப்பா காதுகுத்து ஞாபகம் இருக்குல்ல, வர்ற வெள்ளிக்கிழமை திருவந்திபுரம். வேன் எத்தனை பேருக்குச் சொல்லணும்?

8:09 – புவனா: சுரேஷ் அண்ணா மேல படிங்க

8:12 – சுரேஷ்: ஐயோ. சாரி யாமினி. இப்பதான் பார்த்தேன்

8:13 – செல்வி அத்தை: எங்க வீட்டுல நாலு பேரு சுரேஷு

8:20 – ரவி மாமா: முக்கியமான இடத்துக்கு வர்றேன். கம்பெனி வக்கீல் மொதல்ல "இவங்க தொழிலாளியே இல்ல, கலைஞர்"னு நிப்பாரு. சுப்ரீம் கோர்ட்டு 2001-ல போபால் பாரத் பவன் வழக்குல நாடகக் கலைஞர்கள் தொழிலாளி வரையறைக்குள்ள வரமாட்டாங்கன்னு சொல்லியிருக்கு. அதைத் தூக்கிக்கிட்டுத்தான் வருவாரு. அதனால மனுவுல "என் குரலால் மக்களை மகிழ்வித்தேன்"ங்கற மாதிரி ஒரு வரிகூட வேணாம். தினமும் கையால செஞ்ச வேலையை எழுதணும். யாமினி, காலையில உள்ள போனதுல இருந்து என்னென்ன செய்வே, வரிசையா சொல்லு.

8:31 – யாமினி: 6:15-க்கு பன்ச். அன்னிக்கு லாக் (ஒலிபரப்பு வரிசை) பிரின்ட் எடுத்து விளம்பர ஸ்பாட் சரியா ஏறியிருக்கான்னு, விளம்பர அட்டவணை போடற டிராஃபிக் ஆளோட சரிபார்ப்பேன். 7-ல இருந்து 11 வரை கன்சோல் நானே. ஒலியைக் கூட்டிக் குறைக்கற ஃபேடர், போன் கால் ரெக்கார்ட் பண்ணி வெட்டிப் போடறது, நடுவுல ஸ்டேஷன் பேர் சொல்ற ஸ்வீப்பர், டைம் செக். ஸ்பான்சர் பேரு மணிக்கு இத்தனை தடவைன்னு கணக்கு, விட்டா அடுத்த மணியில ஈடு கட்டணும். 11-க்கு அப்புறம் நாளைக்கு ஸ்கிரிப்ட், ப்ரோமோ எடிட், விளம்பரத்துக்குக் குரல். பரிசு ரிஜிஸ்டர் எழுதறது, ஜெயிச்சவங்க அடையாள அட்டை நகல் வாங்கறது. மாசத்துல நாலஞ்சு தடவை கடைத் திறப்புக்குப் போயி நிக்கணும். 3 மணிக்குதான் வெளிய வர முடியும்

8:33 – கார்த்தி: இதுல கலைஞர் எங்க இருக்காரு

8:36 – ரவி மாமா: இதை அப்படியே எழுது. பன்ச், லாக், கன்சோல், எடிட்டிங், ரிஜிஸ்டர். சட்டத்துல சொல்ற திறன் வேலை, தொழில்நுட்ப வேலை, இயக்குற வேலை எல்லாம் இதுல அடங்குது. நிகழ்ச்சியை ஓட விடற பிளே அவுட் மெஷின்ல உன் பேர்ல லாகின் நேரம் பதிவாயிருக்கும், அதைக் கேட்டு வாங்கணும். இன்னொண்ணு அவசரம்: தனியார் எஃப்எம் எல்லாம் கடைசி மூணு மாச ஒலிபரப்பைப் பதிவு பண்ணி வெச்சிருக்கணும்னு அரசாங்கத்தோட போடற அனுமதி ஒப்பந்தத்துலயே இருக்கு. மூணு மாசம் தாண்டினா அழிச்சிடலாம். அதனால மொத மெயில்லயே "என் நிகழ்ச்சிப் பதிவுகளையும் லாகின் விவரங்களையும் அழிக்காமல் பாதுகாக்கவும்"னு ஒரு வரி போட்டுடு.

8:38 – மல்லிகா: அண்ணா, அவ பத்திரிகைக்காரங்க மாதிரிதானே? அவங்களுக்குத் தனிச் சட்டம் இருக்குன்னாங்க

8:42 – ரவி மாமா: 1955 சட்டம்மா. அது செய்தித்தாளுக்கு. வேலையை விட்டு எடுக்கறதுன்னா ஆசிரியருக்கு ஆறு மாசம், மத்த பத்திரிகையாளருக்கு மூணு மாசம் நோட்டீஸ்னு நல்ல பாதுகாப்பு இருந்துச்சு, புதுத் தொகுப்புகள் வந்ததும் அந்தச் சட்டமே போயிடுச்சு. தனியார் எஃப்எம்ல சொந்தமா செய்தி தயாரிக்கவே அனுமதி இல்ல, ஆகாசவாணி செய்தியை மாத்தாம அஞ்சல் பண்ணலாம், அவ்ளோதான். அப்புறம் எப்படிப் பத்திரிகையாளர்னு நிரூபிக்கறது? புதுத் தொகுப்புகள்ல பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு மட்டும் ரேடியோவையும் சேர்த்து வரையறை குடுக்குது. வேலைநீக்கத்தைப் பேசற தொகுப்பு இன்னும் அந்தப் பழைய 1955 வரையறையையே பிடிச்சிக்கிட்டிருக்கு. காலைல ஆறே காலுக்கு மைக் முன்னாடி உக்கார்ற புள்ளைக்கு மட்டும் பாதுகாப்பு இல்லன்னா என்ன நியாயம் இது?

8:43 – செல்வி அத்தை: அதானே

8:47 – பெரியப்பா: பேசாம ஆல் இந்தியா ரேடியோவுல சேத்துடலாமே. அந்தக் காலத்துல இலங்கை வானொலி கேட்டா, கடலூர் ஓல்டு டவுன்ல ஒரு வீட்டுல போட்டா தெரு பூரா கேக்கும். அப்துல் ஹமீது தமிழ் உச்சரிப்பு... இப்ப எங்க

8:48 – சுரேஷ்: அப்பா ஆரம்பிச்சிட்டாரு

8:51 – ரவி மாமா: மச்சான், அங்கயும் வெளியில இருந்து எடுக்கறது கேஷுவல் அறிவிப்பாளர்தான். குரல் தேர்வு வெச்சுப் பட்டியல் போடுவாங்க, மாசத்துக்கு ஆறு டியூட்டிக்கு மேல தர்றதில்ல. நிரந்தரம் கேக்க முடியாத அளவுக்கு நாளை எண்ணித்தான் குடுக்கறது. தேர்வு வந்தா எழுதட்டும், அதை நம்பி இதை விடக்கூடாது.

8:55 – புவனா: யாமினி, உன் இடத்துல யாரு பேசறது? குரல் புதுசா இருக்கு

8:57 – யாமினி: சென்னையில இருந்து. ஒரே ஆள் நாலு ஊருக்கு. ஊர் பேரை மட்டும் தனித்தனியா ரெக்கார்ட் பண்ணி நடுவுல சொருகிடுவாங்க

8:58 – கார்த்தி: நெட்வொர்க்கிங். 2011 மூணாங்கட்ட எஃப்எம் கொள்கையில ஒரே கம்பெனியோட ஸ்டேஷன்களுக்குள்ள நாடு பூரா அனுமதிச்சிட்டாங்க. அதுக்கப்புறம் சின்ன ஊருக்குத் தனி ஆள் எதுக்குன்னு கணக்குப் போடறாங்க

8:59 – செல்வி அத்தை: அதான் இன்னிக்கு ரோடியர் மில் ரோடுன்னு சொல்லத் தெரியாம ரோட்டியர்னு சொன்னா அந்தப் பொண்ணு

9:01 – புவனா: ஆனா நகைக்கடை விளம்பரம் உன் குரல்தான் இப்பவும் ஓடுது 😡

9:04 – ரவி மாமா: ஏற்கெனவே பேசிக் காசு வாங்கின விளம்பரம் ஓடலாம், அக்ரிமென்ட்ல உரிமை எழுதிக் குடுத்திருந்தா. ஆனா அந்தக் குரலை வெச்சு ஏஐ-ல புதுசா பேச வைக்க ஒப்புதல் இல்லைன்னு மெயில்ல தெளிவா எழுதிடு. பதிப்புரிமைச் சட்டத்துல நிகழ்த்துநருக்கு உரிமை உண்டு, 2012 திருத்தத்துல இன்னும் பலமாச்சு.

9:06 – யாமினி: அக்ரிமென்ட்ல ஆறு மாசம் வேற எஃப்எம்க்குப் போகக்கூடாதுன்னும் இருக்கு மாமா

9:07 – ரவி மாமா: வேலையில இருக்கறப்ப அது செல்லும். அனுப்பினதுக்கப்புறம் செல்லாது, ஒப்பந்தச் சட்டம் 27-ம் பிரிவு. பயப்படாதே. அக்ரிமென்ட் என்னிக்கு முடியுது?

9:07 – யாமினி: இன்னும் நாலு மாசம் இருக்கு

9:10 – ரவி மாமா: அது நல்லது. கெடு முடிஞ்சு புதுப்பிக்கலைன்னா அது ஆட்குறைப்பு இல்லைன்னு சட்டமே சொல்லிடுது, அங்கதான் நிறைய பேர் தோத்துப் போறாங்க. இது நடுவுல வெட்டினது.

9:15 – கார்த்தி: தோராயக் கணக்கு. 26,000 முழுசும் சம்பளம்னு ஏத்துக்கிட்டா, அப்பா சொன்ன 15 நாளுக்கு 13,000 ஆகுது. நாலு வருஷம் ஒன்பது மாசம், ஆறு மாசத்துக்கு மேல இருந்தா ஒரு வருஷமாச் சேரும், அப்ப 5 × 13,000 = 65,000. நோட்டீஸுக்கு 26,000. கிராஜுட்டி (பணிக்கொடை) தனி. அஞ்சு வருஷம் வேணும்னாலும், நாலு வருஷத்தோட அஞ்சாவது வருஷத்துல 240 நாள் இருந்தா போதும்னு மெட்ராஸ் ஹைகோர்ட் மேட்டூர் பியர்ட்செல் வழக்குல சொல்லியிருக்கு. ஆனா மொத ரெண்டு வருஷம் ஏஜென்சி கணக்குன்னு கழிக்கப் பார்ப்பாங்க. பிஎஃப் பாஸ்புக்ல யாரு பேரு இருக்குன்னு இறக்கிப் பாரு. பிஎஃப் பணத்தை அவசரப்பட்டு எடுக்காதே

9:16 – பெரியப்பா: லட்சத்துக்கு மேல வருதா?

9:16 – செல்வி அத்தை: இப்ப கேளுங்க

9:24 – ரவி மாமா: மெயிலுக்கு மாதிரி, உன் சொந்த ஐடில இருந்து போடு, ஹெச்ஆருக்கும் ஸ்டேஷன் ஹெட்டுக்கும்:

"நேற்று மாலை 4 மணிக்கு வீடியோ அழைப்பில் என்னைப் பணியிலிருந்து நீக்குவதாக வாய்மொழியாகத் தெரிவித்தீர்கள். நான் ராஜினாமா செய்யவில்லை, செய்யும் எண்ணமும் இல்லை. நீக்கத்துக்கான காரணத்தை எழுத்தில் தரவும். நான் பணி செய்யத் தயாராக இருக்கிறேன். நிலுவைச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் செலுத்தவும்."

கீழ அந்தப் பதிவுப் பாதுகாப்பு வரியும் குரல் வரியும். கோவமா ஒரு வார்த்தை கூடாது, இன்ஸ்டாகிராம்ல ஒண்ணும் போடாதே. இதையே பிரின்ட் எடுத்து ஸ்பீடு போஸ்ட், ரசீதை வெச்சிக்கோ. பணம் அனுப்பினா வாங்கிக்கலாம், ஆனா "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்னு எழுதிக் கேட்டா "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்"னு எழுதித்தான் கையெழுத்து.

9:26 – மல்லிகா: மனு எங்க குடுக்கணும் அண்ணா? நாங்க கடலூர்ல இருக்கோமே

9:29 – ரவி மாமா: வேலை பார்த்த இடம் புதுச்சேரி, அதனால அங்கதான். கடலூர் ஆபீசுக்குப் போனா தமிழ்நாட்டு எல்லைன்னு திருப்பி அனுப்பிடுவாங்க, ஒரு நாள் போயிடும். வழுதாவூர் ரோடு காந்தி நகர்ல தொழிலாளர் துறை. சமரச அதிகாரி பேருக்கு மனு, மூணு செட் நகல், ஒண்ணுல சீல் வாங்கிக்கணும். அக்ரிமென்ட்ல சென்னை கோர்ட்டுன்னு எழுதியிருந்தாலும் இதைத் தடுக்காது. சமரசத்துக்கு 45 நாள் கெடு. முடியலைன்னா ரிப்போர்ட் கையில வந்து 90 நாளுக்குள்ள டிரிபியூனல் (தொழில் தீர்ப்பாயம்) போகணும். ரெண்டு வருஷம் தாண்டினா சமரச அதிகாரி கையிலயே எடுக்க மாட்டார்.

9:33 – யாமினி: மாமா இன்னும் ரெண்டு பேரை எடுத்திருக்காங்க. ஒருத்தர் நேத்தே கையெழுத்துப் போட்டுட்டாரு

9:35 – ரவி மாமா: அவரை இப்பவே, இந்த நிமிஷமே, "கட்டாயத்தின் பேரில் கையெழுத்திட்டேன், திரும்பப் பெறுகிறேன்"னு மெயில் போடச் சொல்லு. ஏத்துக்கிட்டோம்னு அவங்க பதில் போடறதுக்குள்ள போகணும். நாள் போகப் போக யாரும் நம்ப மாட்டாங்க. மனு தனித்தனியா, ஆனா ஒரே நாள்ல குடுங்க.

9:37 – யாமினி: அவர் பயப்படறாரு. சாயங்காலம் பேசிட்டுச் சொல்றேன்

9:38 – பெரியப்பா: திங்கக்கிழமை யாரு கூடப் போறது? நான் வர்றேன். ஆனா மொதல்ல மேனேஜரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசலாம்னு எனக்குத் தோணுது

9:39 – செல்வி அத்தை: அண்ணே நீங்க பேச வேணாம்

9:40 – ரவி மாமா: மெயில் போனதுக்கப்புறம் பார்க்கலாம் மச்சான். திங்கக்கிழமையா செவ்வாயான்னு அந்த ரெண்டு பேரு முடிவைப் பொறுத்து.

9:44 – சுரேஷ்: வேன் 21 சீட்டா 26 சீட்டா? டிரைவர் போன் மேல போன் பண்றாரு

9:45 – மல்லிகா: நாங்க வருவோமான்னு தெரியல சுரேஷ்

9:45 – சுரேஷ்: சித்தி நீங்க இல்லாம எப்படி. 26-ன்னே சொல்லிடறேன்

9:51 – கார்த்தி: யாமினி 26ஏஎஸ் வந்துச்சா

9:53 – யாமினி: ஓடிபி அம்மா போனுக்குப் போவுது. அம்மா குளிக்கப் போயிட்டாங்க. இரு