தொலைநிலையில் தத்துவப் பட்டம்: எதிர்வாதம் செய்ய ஒரு ஆள் வேண்டும்

தத்துவத்தில் இளங்கலைப் பட்டத்தைத் தொலைநிலையில் படித்து முடித்தேன், ஆறு வருடம் ஆனது. வேலையையும் வீட்டையும் விடாமல் படிக்க முடிந்ததென்றால், வருடத்துக்கு எத்தனை தாள் என்பதை நாமே முடிவு செய்துகொள்ளலாம் என்ற ஏற்பாடுதான் காரணம். ஒரு வருடம் நான்கு தாள் எழுதினேன், அடுத்த வருடம் மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனதால் ஒன்றே ஒன்று. அந்த வசதியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சேர நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது வேறு. தத்துவத்தில் உங்களை மறுத்துப் பேச ஒரு ஆளைத் தேடிக்கொள்ளுங்கள், புத்தகம் வாங்குவதற்கு முன்பே.

என் முதல் ஒப்படைப்பு 'அறிவு என்றால் என்ன' என்பது. நாம் நம்புவது உண்மையாகவும் இருந்து, நம்புவதற்குத் தக்க காரணமும் இருந்தால் அது அறிவு என்பது பழைய வரையறை. எட்மண்ட் கெட்டியர் 1963-இல் மூன்றே பக்கக் கட்டுரையில் அதை ஆட்டம் காண வைத்தார். ஸ்மித், ஜோன்ஸ் இருவரும் ஒரே வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள். ஜோன்ஸைத்தான் எடுக்கப்போகிறோம் என்று நிறுவனத் தலைவரே ஸ்மித்திடம் சொல்லியிருக்கிறார், ஜோன்ஸின் சட்டைப்பையில் பத்து நாணயம் இருப்பதை ஸ்மித்தே எண்ணியும் பார்த்திருக்கிறார். ஆகவே 'வேலை கிடைக்கப்போகிறவரின் பையில் பத்து நாணயம் இருக்கிறது' என்று நம்புகிறார். கடைசியில் வேலை ஸ்மித்துக்கே கிடைக்கிறது, அவர் பையிலும் அவருக்கே தெரியாமல் பத்து நாணயம்! நம்பியது உண்மை, காரணமும் இருந்தது, ஆனாலும் அதை அறிவு என்று சொல்ல மனம் வரவில்லை.

இதையெல்லாம் அழகாகச் சுருக்கி எழுதி அனுப்பினேன். திரும்பி வந்த தாளின் ஓரத்தில் பென்சிலால், "இவர்கள் சொன்னது புரிந்தது, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று எழுதியிருந்தது. மதிப்பெண் மோசமில்லை, ஆனால் அந்த வரியைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் வேறெதிலும் மனம் போகவில்லை. நான் என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது, ஏனென்றால் அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அந்த வருடம் நேரில் கூடும் தொடர்பு வகுப்பில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தேநீர் இடைவேளையில் என் புதிய பதிலைச் சொன்னேன்: ஸ்மித் 'ஜோன்ஸுக்குத்தான் வேலை' என்ற பொய்யான படியில் ஏறி அந்த முடிவுக்கு வந்தார், பொய்யான படி நடுவில் இருந்தால் அது அறிவாகாது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம், "களஞ்சியத்துக்கு என்ன சொல்வேம்மா?" என்றார். ஆல்வின் கோல்ட்மன் 1976-இல் எழுதிய உதாரணம் அது. ஒரு வட்டாரம் முழுக்க முன்சுவர் மட்டும் கொண்ட போலிக் களஞ்சியங்கள், இது தெரியாமல் அந்த வழியாகக் காரில் போகிற ஒருவர் நடுவில் இருக்கும் ஒரே உண்மையான களஞ்சியத்தைப் பார்த்து 'அதோ களஞ்சியம்' என்கிறார். சொன்னது தற்செயலாகத்தான் சரியாகிறது, அதை அறிவு என்று சொல்லத் தயக்கம், ஆனால் நேராகப் பார்த்துச் சொல்கிறார், நடுவில் பொய்ப்படி எங்கே இருக்கிறது? எனக்குப் பதில் இல்லை, ஆனால் என் படிப்பு அந்த நிமிஷம் தொடங்கியது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அதிலிருந்து வாரம் ஒரு மின்னஞ்சல். ஒருவர் ஒரு பக்கத்துக்கு மிகாமல் வாதம் எழுதுவார், மற்றவர் அதில் எந்தப் படி தாங்காது என்று காட்ட வேண்டும். போனில் பேசிப் பார்த்தோம், சரிவரவில்லை, குரலில் ஏதோ சொல்லித் தப்பித்துவிடலாம், எழுத்தில் முடியாது.

பதினேழாம் நூற்றாண்டுத் தத்துவஞானி டேக்கார்ட்டைப் பற்றிய தாளுக்கு வந்தபோது போஹேமியா இளவரசி எலிசபெத்தின் கடிதங்களைப் படித்தேன். 1643 மே மாதம், 24 வயதில், டேக்கார்ட்டுக்கு எழுதுகிறார்: மனத்துக்கு இடமும் பரப்பும் கிடையாது என்கிறீர்களே, அப்படிப்பட்ட ஒன்று உடம்பை எப்படி அசைக்கும்? அடுத்த மாதக் கடிதத்தில், குடும்ப விவகாரங்களும் விட முடியாத சந்திப்புகளும் தன் நேரத்தைத் தின்றுவிடுகின்றன, உங்கள் முறைப்படி தியானிக்கப் பழக முடியவில்லை என்கிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். டேக்கார்ட் பதிலில், இந்த மாதிரிச் சிந்தனைக்கு வருடத்துக்கு மிகச் சில மணி நேரம் போதும் என்று சமாதானம் சொல்கிறார். எலிசபெத் சமாதானமாகவில்லை, ஜூலையில் மறுபடியும் அதே கேள்வியோடு வருகிறார்! அந்தக் கடிதப் போக்குவரத்து 1649 வரை நீடித்தது.

* * *

மேலே எழுதியவரைப் போல நானும் தொலைநிலையில்தான் தத்துவம் படிக்கிறேன், இரவுப் பணி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: குறியீட்டுத் தர்க்கத் தாளுக்கு எதிர்வாதம் செய்ய யாரும் வேண்டாம். நிரூபணத்தில் தப்பு வந்தால் அந்த வரியே காட்டிக்கொடுத்துவிடும். 'மழை பெய்தால் தரை நனையும்' போன்ற வாக்கியம் முன்பகுதி பொய்யானால் முழுதும் மெய் என்று மெய்-பொய் அட்டவணை சொல்வதை ஏற்கத்தான் எனக்கு ஒரு மாதம் பிடித்தது, மற்றதெல்லாம் கைப்பழக்கம். தினம் அரை மணி, ஒரு நாளும் விடாமல்.

* * *

நானும் இதே மாதிரித் தொலைநிலை மாணவன், இரண்டு வருடம் விட்டுவிட்டு மறுபடி சேர்ந்தவன். கடைசித் தேதி இல்லாத படிப்பு நழுவிக்கொண்டே போகும், ஜெர்மன் தத்துவஞானி காண்ட்டைப் பற்றிய தாள் வந்ததும் முழுக்க நழுவியது. 'தூய பகுத்தறிவின் விமர்சனம்' என்ற நூலின் 1781 பதிப்பில் அவர் எழுதிய மையமான வாதம் ஒன்றை 1787 பதிப்பில் அவரே முழுவதுமாகத் திருப்பி எழுதியிருக்கிறார். இது தெரியாமல், புரியாதது என் குறை என்று நினைத்து நிறுத்திவிட்டேன். போன வருடம் இன்னொரு மாணவி இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மாறியது என்று பட்டியல் போட்டு அனுப்பினார், அதைப் பார்த்த அன்றைக்கே மீண்டும் பணம் கட்டினேன். மேலே சொன்ன ஒரு பக்க மின்னஞ்சல் முறையை நாங்களும் தொடங்கப்போகிறோம். மூன்றாவதாக ஒருவருக்கு இடம் இருக்கிறது, காண்ட்டில் யார் இருக்கிறீர்களோ சொல்லுங்கள்.