புழல் உயர் பாதுகாப்புப் பிரிவில் இருக்கும் தம்பியைச் சந்திப்பதும் தொடர்பில் இருப்பதும்

கேள்வி – திருநெல்வேலி வாசகி

புழல் சிறையில் விசாரணைக் கைதியாக இருக்கும் என் தம்பியை அங்குள்ள உயர் பாதுகாப்புப் பிரிவுக்கு மாற்றிவிட்டதாக வழக்கறிஞர் தெரிவித்தார். அம்மாவுக்கு முழங்கால் வலி; இரவெல்லாம் பயணம் செய்து வந்த பிறகு, பார்க்க முடியாது என்று வாசலில் சொல்லிவிட்டால் அவர் உடைந்துபோவார். அவனைச் சந்திக்க மனு போடுவதற்கு முன் எவற்றையெல்லாம் கவனிக்க வேண்டும்? வர இயலாத வாரங்களில் அவனோடு எப்படித் தொடர்பில் இருப்பது? அவனுடைய நான்கு வயது மகளை அழைத்து வருவது சரியா என்றும் எங்களால் முடிவெடுக்க முடியவில்லை.

பதில் 1 – சிறையில் இருக்கும் கணவரை மனு போட்டுப் பார்த்து வருபவர்

சகோதரி, புழல் வளாகத்தில் தண்டனைக் கைதிகளுக்கும் விசாரணைக் கைதிகளுக்கும் பெண்களுக்கும் தனித்தனிச் சிறைகள் இருப்பதால், எந்த வாசலுக்குச் செல்ல வேண்டும் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். நேர்காணலுக்கு இ-முலாகாத் என்ற அரசு இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்யலாம். ஆனால் அவன் நீதிமன்றத்துக்கோ மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லப்படும் நாளாக அது அமைந்துவிடாதபடி, அடுத்த வாய்தா தேதியை வழக்கறிஞரிடம் கேட்டறிந்த பின்னரே ரயில் டிக்கெட் எடுங்கள். அம்மாவின் அடையாள அட்டையை அசலாகவே கொண்டு வாருங்கள். கைப்பேசியை உள்ளே கொண்டுபோக முடியாது. வீட்டுச் சாப்பாட்டைச் சுமந்து வந்து வாசலில் ஏமாறுவதைவிட, கேன்டீனில் அவன் வாங்கிக்கொள்ள அவனுடைய சிறைக் கணக்கில் பணம் கட்டுவதே மேல். அந்தச் சில நிமிடங்களில் வழக்குப் பேச்சை எடுக்காதீர்கள், அது வழக்கறிஞர் பேச வேண்டியது; அவன் உறங்குகிறானா, மருந்து கிடைக்கிறதா என்று அம்மா கேட்கட்டும்.

பதில் 2 – வழக்கறிஞர், மதுரை

உயர் பாதுகாப்புப் பிரிவுக்கு மாற்றப்பட்டதாலேயே ஒருவர் குடும்பத்தைப் பார்க்கும் உரிமையை இழந்துவிடுவதில்லை. கண்காணிப்பு கூடலாம், சந்திப்பையே மறுப்பது வேறு. தடுப்புக் காவலில் இருந்த ஒரு பெண் தன் குடும்பத்தினரை மாதம் ஒருமுறைதான் பார்க்கலாம் என்றிருந்த விதியை எதிர்த்த பிரான்சிஸ் கொராலி முல்லின் வழக்கில், உறவினரையும் நண்பர்களையும் சந்திப்பது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு காக்கும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1981இல் தீர்ப்பளித்து அந்த விதியைச் செல்லாதென அறிவித்தது. ஆகவே அனுமதி மறுக்கப்பட்டால் வாசலில் வாதாடாமல், காரணத்தை எழுத்தில் தருமாறு சிறைக் கண்காணிப்பாளருக்கு மனு கொடுத்து, அதன் நகலில் முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். பிறகு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சட்ட உதவி கேட்கலாம். அந்த நகல் கையில் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் முறையிடுவதும் எளிதாகும்.

பதில் 3 – முன்பு சிறையில் இருந்தவர்

அக்கா, கடிதம் எழுதுங்கள் என்பதே நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. தொலைபேசியில் பேசியது அன்றிரவே கரைந்துவிடும், கடிதத்தையோ தனிமையான அறையில் எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். அதிகாரிகள் படித்த பிறகே அது அவனுக்குக் கிடைக்கும் என்பதால் வழக்கைப் பற்றியோ பிற கைதிகளைப் பற்றியோ எழுத வேண்டாம்; தெருவில் யார் வீடு கட்டுகிறார்கள், மகள் என்ன புதுச் சொல் பேசுகிறாள் என்பவற்றை எழுதுங்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் வரிசை எண் இட்டால், நடுவில் ஒன்று வந்து சேரவில்லை என்பது அவனுக்கே தெரிந்துவிடும். நீளமாக எழுதிவிட்டு இரண்டு மாதம் மௌனமாக இருப்பதைவிட வாரம் ஓர் அரைப்பக்கம் எழுதுவது நல்லது, ஏனெனில் எதிர்பார்த்த கிழமையில் கடிதம் வராவிட்டால், வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றே அங்கிருப்பவர் மனம் எண்ணும்.

குழந்தையை அழைத்து வாருங்கள், ஆனால் முதல் முறை வேண்டாம். நீங்களும் அம்மாவும் ஒருமுறை வந்து, காத்திருப்பு எவ்வளவு நேரம், சோதனை எப்படி, அவனைத் தொட முடியுமா அல்லது கண்ணாடிக்கு அப்பாலிருந்து இன்டர்காமில்தான் பேச வேண்டுமா என்பதைத் தெரிந்துகொண்டு, அதை அவளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அப்பா வெளிநாட்டில் இருக்கிறார் என்று மட்டும் சொல்லி வைக்காதீர்கள்.