ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் பார்க்க என் காண்டாக்ட் லிஸ்ட் எதற்கு?

காவிரிக்கரை:

அம்மாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சுகர் பார்க்க வேண்டும். இத்தனை வருஷமும் தெருமுனையில் இருந்த சின்ன லேபில் காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, சாயந்திரம் பால் வாங்கப் போகும்போது கவரை வாங்கி வந்துவிடுவோம். அவர் கடையை மூடிவிட்டார். அதனால் இந்தத் தடவை பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் பெரிய லேபுக்குப் போனோம், பல ஊரில் கிளை உள்ள லேப், பெயர் வேண்டாம். பணம் கட்டி, ரத்தம் கொடுத்து, பஞ்சை அழுத்திக்கொண்டு நிற்கும்போது அங்கிருந்த பெண் "ரிப்போர்ட் ஆப்பில வந்துடும்க்கா" என்று க்யூஆர் அட்டையைக் காட்டினாள். சரி என்று வந்துவிட்டேன்.

வீட்டில் ஆப்பைத் திறந்தால் முதலில் போன் நம்பர், ஓடிபி. அப்புறம் "உங்கள் தனியுரிமையை மதிக்கிறோம்" என்று ஒரு பக்கம். இந்த ஒரு வரிதான் தமிழ், அதற்குக் கீழே தள்ளத் தள்ள முடியாத ஆங்கிலம். அடியில் பெரிய பச்சைப் பட்டன், "ஒப்புக்கொள்கிறேன்". பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத சாம்பல் எழுத்தில் "பிறகு". அதை அழுத்தினால் ஆப்பே மூடிக்கொள்கிறது. பச்சையை அழுத்தினேன். லொகேஷன் வேண்டும் என்றது, கொடுத்தேன். காண்டாக்ட்ஸ் வேண்டும் என்றது, மறுத்தேன். மறுபடி கேட்டது, மறுபடி மறுத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி வரவில்லை, ஆனால் "செட்டிங்ஸில் போய் அனுமதி கொடுத்தால்தான் தொடர முடியும்" என்று ஒரே இடத்தில் நின்றுகொண்டது. அம்மா அடுப்படியிலிருந்து "என்னடி, எவ்வளவு இருக்கு?" என்று மூன்றாவது தடவை கேட்டபோது கொடுத்துத் தொலைத்தேன். ரிப்போர்ட் வந்தது.

இரண்டாம் நாளிலிருந்து "முழு உடல் பரிசோதனை பாதி விலை" என்று எனக்கு போன் மேல் போன். சேலத்தில் இருக்கும் சித்தியும் அதே மாதிரி ஒரு மெசேஜ் வந்ததாகச் சொன்னார். இதனால்தான் வந்தது என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் சித்திக்கும் அந்த லேபுக்கும் நடுவில் என் போனைத் தவிர வேறு பாலம் எனக்குத் தோன்றவில்லை.

என் கேள்வி இதுதான். காசு கட்டியாகிவிட்டது, ரத்தமும் கொடுத்தாகிவிட்டது. அதற்கப்புறம் இப்படிக் கேட்பது சட்டப்படி சரியா? நானே பட்டனை அழுத்தியதால் இனி வாயே திறக்க முடியாதா? கொடுத்த ஒப்புதலைத் திரும்ப வாங்க வழி உண்டா?

---

சும்மாதான்:

இதுக்கெல்லாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டால் எப்படி? ஒரு சிம் கார்டு வாங்க, ஒரு லாட்ஜில் ரூம் போட என்று ஆதார் ஜெராக்ஸை ஊரெல்லாம் கொடுத்து வைத்திருக்கிறோம். அதில் பாதி எந்தக் கடையில் போண்டா மடிக்கப் போயிருக்கிறதோ. காண்டாக்ட் லிஸ்ட்டில் என்ன தங்கமா இருக்கிறது, ப்ளம்பர் நம்பரும் கேஸ்காரர் நம்பரும்தானே.

---

வாய்தா வக்கீல்:

சும்மாதான் சார், காண்டாக்ட் லிஸ்ட்டில் இருக்கும் நம்பர்கள் அவருடையவை அல்ல, மற்றவர்களுடையவை. சேலத்துச் சித்தி எந்தப் பச்சைப் பட்டனையும் அழுத்தவில்லை. இதை விட்டுவிட்டுப் பேச முடியாது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இல் வந்தது. அதன் 6 ஆம் பிரிவு ஒப்புதல் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது: சுதந்திரமாக, குறிப்பிட்ட காரியத்துக்காக, விவரம் தெரிந்து, நிபந்தனை இல்லாமல் கொடுத்ததாக இருக்க வேண்டும், அந்தக் காரியத்துக்கு எவ்வளவு தரவு தேவையோ அவ்வளவோடு நிற்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிரிவுக்குக் கீழேயே கொடுத்திருக்கும் உதாரணம் கிட்டத்தட்ட உங்கள் கதைதான். ஒருவர் வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்கும் ஆப் ஒன்றை இறக்குகிறார், அது மருத்துவ சேவைக்கும் காண்டாக்ட் லிஸ்ட்டுக்கும் சேர்த்து ஒப்புதல் கேட்கிறது, அவரும் இரண்டுக்கும் சரி என்கிறார். வைத்தியத்துக்குக் காண்டாக்ட் லிஸ்ட் தேவையில்லை, ஆகவே அவர் சரி என்று சொல்லியிருந்தாலும் அந்த ஒப்புதல் மருத்துவ சேவைக்கு மட்டுமே செல்லும் என்கிறது சட்டம். அதாவது பட்டனை அழுத்தியதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. கொடுப்பது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும், கேட்கும் வாசகத்தைத் தமிழிலும் படிக்க வாய்ப்பு தர வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

சந்தோஷப்படுவதற்கு முன் ஒன்று. இந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முக்கியமான பகுதிகளுக்கு 18 மாத அவகாசம், அதாவது 2027 மே வரை. உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து தனியுரிமை அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் சொன்னது 2017 ஆகஸ்டில். பத்து வருஷக் கணக்கு. நம்ம ஊர் வாய்தாவே தேவலாம்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011 இல் வந்த விதிகள் மருத்துவப் பதிவுகளை "உணர்திறன் மிக்க" தரவு என்கின்றன. எழுத்து மூலம் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம், ஒரு குறைதீர் அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் இணையதளத்தில் போட்டிருக்க வேண்டும், அவர் ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். (நீங்கள் தராவிட்டால் சேவை தரமாட்டோம் என்று சொல்லும் ஓட்டையும் அதே விதியில் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் பணத்தை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது.) இன்னொரு கத்தி, நுகர்வோர் பக்கத்தில் 2023 நவம்பர் 30 அன்று வந்த இருண்ட வடிவமைப்புகளுக்கு (அதாவது ஆளை ஏமாற்றியோ அலுக்க வைத்தோ சம்மதிக்க வைக்கும் திரை வடிவமைப்புகளுக்கு, டார்க் பேட்டர்ன்ஸ்) எதிரான வழிகாட்டு விதிகள். அதில் 13 வகைத் தந்திரங்கள் பட்டியலில் இருக்கின்றன. வாங்கிய சேவையைப் பெறுவதற்குக் காண்டாக்ட் விவரத்தைக் கொடு என்று கட்டாயப்படுத்துவது அப்படியே உதாரணமாக எழுதப்பட்டிருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இல் புகார் செய்யலாம். முதலில் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

---

மளிகைப் பை:

வக்கீல் சார் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைகளில் பில் போட போன் நம்பர் கட்டாயம் என்று சொல்லக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்திவிட்டது. இதைப் படித்த தைரியத்தில் போன வாரம் எங்கள் பகுதி சூப்பர் மார்க்கெட்டில் நம்பர் தரமாட்டேன் என்று நின்றேன். "நம்பர் போடாம பில் வராது சார்" என்றார் கவுன்டரில் இருந்த அம்மா. எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர், ஒருத்தர் கையில் ஐஸ்க்ரீம் உருகுகிறது. கடைசியில் அந்த அம்மா யாரிடமும் எதுவும் சொல்லாமல் தன் சொந்த நம்பரைத் தட்டி பில் போட்டுக் கொடுத்தார். பாயிண்ட் எல்லாம் அவருக்கே போகட்டும். ஆனால் முதலாளி கேட்கும் தகவலுக்கு வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டுவது எப்போதும் 10,000, 12,000 சம்பளத்துக்கு நிற்கிறவர்கள்தான். அவர்களிடம் சத்தம் போடுவதில் எனக்கு இஷ்டமில்லை.

---

செமிகோலன்:

நான் ஆப் செய்கிற ஆள். இந்த மாதிரி ஒரு பச்சைப் பட்டனையும் ஒரு சாம்பல் "பிறகு"வையும் நானே செய்திருக்கிறேன், வேறு கம்பெனியில், வேறு சரக்குக்கு. அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

காண்டாக்ட்ஸ் வேண்டும் என்று டாக்டரோ லேப் டெக்னீஷியனோ கேட்பதில்லை. மார்க்கெட்டிங் டீம் "நண்பரைச் சேர்த்தால் 100 ரூபாய் கழிவு" என்று ஒரு வசதி கேட்கும். உண்மையில் ஒரே ஒரு நபரைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க ஆண்ட்ராய்டில் தனி வழி இருக்கிறது. போனே லிஸ்ட்டைத் திறந்து காட்டும், நீங்கள் தொட்ட ஒருவரின் விவரம் மட்டும் ஆப்புக்குப் போகும், இந்த அனுமதியே கேட்க வேண்டாம். தெரிந்துதான் அதை விடுகிறார்கள், மொத்த லிஸ்ட்டும் கையில் இருந்தால் பின்னால் எதற்காவது ஆகும் என்று. லொகேஷனும் அப்படித்தான், வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கப் பின்கோடு போதும்.

இரண்டு தடவை மறுத்ததும் பெட்டி வராமல் போனதே, அது லேபின் தயவு இல்லை. ஆண்ட்ராய்டு 11 முதல் இரண்டு தடவை மறுத்தால் இனிக் கேட்காதே என்று போனே எடுத்துக்கொள்ளும். அதைச் சுற்றிப் போகத்தான் அந்த "செட்டிங்ஸில் போய்" பக்கம். நாங்கள் அதற்குச் சுவர் என்று பெயர் வைத்திருந்தோம். அந்தச் சுவரில் எத்தனை பேர் திரும்பிப் போகிறார்கள், எத்தனை பேர் அலுத்துப்போய்க் கொடுக்கிறார்கள் என்று தினமும் எண்ணிக்கொண்டிருந்தோம். அலுப்புதான் அங்கே சரக்கு. உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து கேட்ட கேள்விதான் அந்தச் சுவரின் கூலி இல்லாத விற்பனையாளர்.

இனிமேல் தவிர்க்க: காண்டாக்டே இல்லாத பழைய போன் ஒன்று இருந்தால் இந்த மாதிரி ஆப்பையெல்லாம் அதில் போடுங்கள். ஒரே போன்தான் என்றால் பல ஆண்ட்ராய்டுகளில் இரண்டாவது பயனர் ஒன்றை உருவாக்கலாம், அங்கே காண்டாக்ட் லிஸ்ட் காலி. கேட்கட்டும், கொடுங்கள், காலி டப்பாவை வழித்துக்கொண்டு போகட்டும். இப்போது செட்டிங்ஸில் அனுமதியை எடுத்துவிடுங்கள். ஆனால் ஏற்கெனவே சர்வருக்குப் போனது போனதுதான், அதற்கு வக்கீல் சார் சொன்ன மெயில் வழிதான்.

---

லா ஷப்பல் தம்பி:

நான் பாரிசில் இருக்கிறன். நீங்கள் எல்லாரும் ஐரோப்பாவில் எல்லாம் சரியாக இருக்கு என்று நினைப்பீர்கள், அதுதான் எழுதுறன். இங்கே 2018 மே மாதத்திலிருந்து ஜிடிபிஆர் என்ற ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. அதற்குப் பிறகும் எந்த இணையத்தளம் போனாலும் குக்கி பெட்டி, "எல்லாம் சரி" ஒரு தட்டு, "வேண்டாம்" என்றால் நாலு பக்கம் உள்ளே போக வேண்டியிருந்தது. பிரெஞ்சுத் தரவுப் பாதுகாப்பு அமைப்பு சினில் இதற்காகவே 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் தண்டம் அறிவித்தது. ஏற்கிற மாதிரியே மறுக்கிறதும் சுலபமாக இருக்க வேணும் என்பதுதான் விஷயம். அதற்குப் பிறகுதான் "எல்லாம் மறு" என்ற பட்டன் ஒழுங்காகத் தெரிய வந்தது.

உடனே அடுத்த வித்தை. 2023 நவம்பரில் ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பனி மெட்டா இங்கே என்ன செய்தது தெரியுமோ? விளம்பரத்துக்காக உன் தரவைத் தா, இல்லையென்றால் மாதம் 9.99 யூரோ கட்டு, கைத்தொலைபேசியில் என்றால் 12.99. என்ர தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு "அண்ணா, இது வாடகையா கப்பமா" என்று கேட்டாள். 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் இது உண்மையான தெரிவே இல்லை என்று 20 கோடி யூரோ தண்டம் போட்டது. அவ்வளவு பெரிய கம்பனிக்கு அது எத்தனை நாள் வருமானம் என்று நீங்களே கணக்குப் பாருங்கோ. ஆனாலும் சினில் விஷயத்தில் ஆட்கள் முறைப்பாடு எழுதின பிறகுதான் இவ்வளவாவது நடந்தது.

---

வாய்தா வக்கீல்:

தம்பி சொன்னதற்கு நம் ஊர்க் கதை வாட்ஸ்அப். 2021 ஜனவரியில், ஃபேஸ்புக்கோடு தரவைப் பகிரும் புதுத் தனியுரிமைக் கொள்கையை ஏற்றால்தான் உண்டு என்று பிப்ரவரி 8 கெடு வைத்து, சத்தம் கிளம்பியதும் மே 15க்குத் தள்ளினார்கள். 2016 இல் கொள்கையை மாற்றியபோதாவது பழைய பயனர்களுக்கு 30 நாள் மறுக்கும் வாய்ப்பு இருந்தது, 2021 இல் அதுவும் இல்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் தண்டம் போட்டது, விளம்பரத்துக்காகத் தரவைப் பகிர 5 வருஷம் தடையும் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தண்டத்தை வைத்துக்கொண்டு தடையை எடுத்துவிட்டது. எல்லாரும் இருக்கிற இடத்தை விட்டு ஒருத்தர் மட்டும் வெளியே போக முடியாது என்னும்போது "ஏற்கிறேன்" என்பதற்கு என்ன மதிப்பு என்பதுதான் அங்கேயும் கேள்வி.

---

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன். நேற்று லேபுக்கே போய் ரிப்போர்ட்டைப் பேப்பரில் கேட்டேன். அதே பெண் கீபோர்டில் நாலு தட்டு தட்டினாள், இரண்டு பக்கம் ப்ரிண்ட் வந்தது, சீல் குத்திக் கொடுத்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "அன்னைக்கே தந்திருக்கலாமே" என்றேன். "கேட்டா தரலாம்க்கா, நாங்களா தரக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றாள். பாவம், கோபப்பட முடியவில்லை.

ஆப்பை நீக்கிவிட்டேன். குறைதீர் அதிகாரியின் மெயிலைக் கண்டுபிடிக்க இணையதளத்தின் அடிமட்டம் வரை போக வேண்டியிருந்தது. ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன், காண்டாக்ட்ஸை அழியுங்கள் என்று எழுதினேன். பத்து நிமிஷத்தில் தானியங்கிப் பதில் வந்தது: கோரிக்கையை ஆப்பில் லாகின் செய்து பதிவு செய்யவும்.

---

செமிகோலன்:

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும் அக்கா. திரும்ப இன்ஸ்டால் செய்யாதீர்கள், மறுபடி அதே சுவர் வரும். ப்ளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்தைத் திறந்து டேட்டா சேஃப்டி என்ற பகுதிக்குள் போங்கள். கணக்கு உருவாக்கும் ஆப் எதுவானாலும், ஆப் இல்லாமலே கணக்கை அழிக்கக் கேட்க ஒரு வெப் லிங்க் கொடுக்க வேண்டும் என்பது கூகுளின் சொந்த விதி. அங்கே லிங்க் இருந்தால் அதில் போடுங்கள். இல்லையென்றால், அல்லது அது செத்துப்போன பக்கத்துக்குப் போனால், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதே மெயிலுக்குப் பதிலாக இணைத்து, 1915 புகார் எண்ணையும் மேலே எழுதி அனுப்புங்கள். அடுத்த பதிலைத் தானியங்கி எழுதாது.