மறு: தாளத்துக்குச் சுடும் ஆட்டங்கள் – ‘தாளவேட்டு’ சரிப்படுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

‘ரிதம் ஷூட்டர்’ என்ற நிகழ்பட ஆட்ட வகைக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற இழையில் இதுவரை வந்தவை: இசைச்சுடல், தாளச்சுடல், சந்தச்சூடு, லயத் துப்பாக்கி, இசையியை எறிபடையாட்டு. கடைசிச் சொல்லைப் படைத்த ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரி நம்மைச் சுட்டுவிட்டுப் போயிருப்பான். மற்றவற்றில் எனக்கு இருக்கும் குறை வேறு. ஆங்கிலப் பெயரில் இரண்டு சொல் இருக்கிறது, இரண்டுக்கும் தனித்தனியாகத் தமிழ் தேடி ஒட்டியிருக்கிறோம். அந்த ஆட்டங்களுக்குள் துப்பாக்கிக்கும் பாட்டுக்கும் என்ன உறவு என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

> இசைக்கு ஏற்பச் சுட வேண்டும், அவ்வளவுதானே. இதில் என்ன ஆராய்ச்சி?

அவ்வளவுதான் என்றால் பேச்சே இல்லை. 2020இல் வந்த ‘பிபிஎம்: புல்லட்ஸ் பெர் மினிட்’டைப் பாருங்கள். ஆவ் இன்டராக்டிவ் என்ற சிறிய நிறுவனம் செய்தது. நார்ஸ் புராணத்துப் போர்க்கன்னியான வால்கிரி ஒருத்தி அறை அறையாகப் போய்ச் சுடுகிறாள், பின்னால் ராக் இசை ஓடுகிறது. திரை நடுவே இருக்கும் குறியின் இரு பக்கத்திலிருந்தும் சின்னக் கோடுகள் நடுவை நோக்கி வந்துகொண்டே இருக்கும். அவை வந்து சேரும் கணத்தில் பொத்தானை அழுத்தினால்தான் குண்டு போகும். தப்பினால் துப்பாக்கி சும்மா இருக்கும். குண்டு நிரப்புவதும் தாளத்தில், பக்கவாட்டில் பாய்வதும் தாளத்தில். பெயரிலேயே ஒரு சிலேடை வேறு: பிபிஎம் என்றால் இசைக்காரருக்கு நிமிடத்துக்கு எத்தனை அடி, இந்த வால்கிரிக்கு நிமிடத்துக்கு எத்தனை குண்டு.

2022இல் வந்த ‘மெட்டல்: ஹெல்சிங்கர்’ கொஞ்சம் இரக்கம் உள்ளது. ஸ்வீடனின் தி அவுட்சைடர்ஸ் குழு உருவாக்கியது. தாளம் தப்பிச் சுட்டாலும் குண்டு போகும், ஆனால் அடியில் வலு இருக்காது, மதிப்பெண்ணின் பெருக்கெண்ணும் இறங்கும். இதில் எனக்குப் பிடித்த சங்கதி என்னவென்றால், பெருக்கெண் ஏற ஏறப் பாட்டில் ஒவ்வோர் அடுக்காகச் சேர்ந்துகொண்டே போகும். 16 மடங்கைத் தொட்டால்தான் பாடகரின் குரலே வரும். சிஸ்டம் ஆஃப் எ டவுனின் சர்ஜ் டான்கியன், ட்ரிவியத்தின் மாட் ஹீஃபி, லாம்ப் ஆஃப் காடின் ராண்டி ப்ளைத் என்று மெட்டல் இசைக்குழுக்களின் பெரிய பெரிய ஆட்களைப் பாட வைத்திருக்கிறார்கள். ஆனால் தாளத்தை விட்டால் பாடகர் போய்விடுவார். அவரைத் திரும்ப அழைத்து வர, வெறும் வாத்தியத்தோடு மறுபடி ஏறி வர வேண்டும்.

சரி, இவை இரண்டிலும் பாட்டுதான் எசமான். இப்போது 2001க்குப் போகலாம். செகாவின் யுனைடெட் கேம் ஆர்ட்டிஸ்ட்ஸ் பிரிவில் டெட்சுயா மிசுகுச்சி உருவாக்கிய ‘ரெஸ்’. ட்ரீம்காஸ்ட், பிளேஸ்டேஷன் 2 ஆகிய ஆட்டக்கருவிகளில் வந்தது. ஓவியர் கண்டின்ஸ்கியின் தாக்கத்தில் பிறந்த ஆட்டம். ஓசையைக் கண்ணால் பார்ப்பது, நிறத்தைக் காதால் கேட்பது என்ற எண்ணத்தைத் திரையில் கொண்டுவரும் முயற்சி. ஆட்டமுறை எளிது. பாதை தானாக ஓடும், நம் கையில் குறி மட்டும். பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு குறியை எதிரிகள் மேல் ஓட்டினால் ஒரே நேரத்தில் எட்டு வரை மாட்டிக்கொள்வார்கள். விரலை எடுத்தால் குண்டுகள் பறக்கும். விரலை எப்போது எடுத்தாலும் ஓசை மட்டும் ஒரு துளி காத்திருந்து, அடுத்து வரும் தாளப் புள்ளியில்தான் வந்து உட்காரும். அதனால் இந்த ஆட்டத்தில் தாளம் தப்பவே முடியாது. தாளஞானம் சுத்தமாக இல்லாத ஆள் ஆடினாலும் கூட இருந்து கேட்பவருக்கு வாசிப்பது போலத்தான் கேட்கும்.

இந்த யோசனை ரெஸ்ஸில் பிறந்ததும் இல்லை. 1987இலேயே தோஷியோ இவாய் என்ற கலைஞர் நின்டெண்டோவின் ஃபாமிகாம் டிஸ்க் சிஸ்டம் என்ற ஆட்டக்கருவிக்கு ‘ஒடொக்கி’ என்ற ஆட்டத்தைச் செய்துவிட்டார். அதில் பந்தை எட்டுத் திசையில் எறியலாம், திசைக்கு ஒரு சுரம். எறிவது எப்போதானாலும் சுரம் தாளத்தோடு ஒட்டிக்கொள்ளும். எதிரிகளை அடித்துக்கொண்டே போக, பின்னணி இசைக்கு மேல் நீங்களே ஒரு மெட்டுப் போட்டிருப்பீர்கள். இதே இவாய்தான் பிற்பாடு யமஹாவோடு சேர்ந்து டெனோரி-ஆன் என்ற விளக்குப் பொத்தான் வாத்தியத்தைக் கொண்டுவந்தவர். ஆட்டத்தில் துப்பாக்கியை வாத்தியமாக்கியவர் கடைசியில் வாத்தியமே செய்தார்.

ஆக, பிபிஎம்மில் துப்பாக்கி பாட்டைத் துரத்துகிறது. ரெஸ்ஸிலும் ஒடொக்கியிலும் துப்பாக்கிதான் பாடுகிறது. முதல் வகையை மட்டும் மனத்தில் வைத்துப் பெயரிட்டால் இரண்டாவது வகை வெளியே நிற்கும். ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக்கட்டி, எது இதில் சேரும், எது சேராது என்று இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சண்டையை நாம் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

இனிச் சொற்கள்.

‘சுடல்’ வேண்டாம் என்பது என் கட்சி. சுடலை நினைவு வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார், அதைக்கூட விட்டுவிடலாம். பெரிய ஆபத்து வேறு. தமிழில் பாட்டையும் ‘சுடு’வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான்: மெட்டுத் திருட்டு. ‘இந்தப் பாட்டு எங்கே இருந்து சுட்டது’ என்று கேட்காத சினிமா ரசிகர் உண்டா? இசைச்சுடல் என்று கட்டுரைக்குத் தலைப்பு வைத்துப் பாருங்கள், இசையமைப்பாளர்களின் ரசிகர்கள் படை திரண்டு வந்துவிடுவார்கள். தாளச்சுடல் மட்டும் தப்புமா? தாளத்தைத் திருடியதாக ஆகும்.

‘சூடு’ பற்றி: ‘துப்பாக்கிச் சூடு’ என்பது நாளிதழ்ச் சொல். அதைக் கேட்டதும் காவல்துறை, ஊர்வலம், விசாரணை ஆணையம் என்றுதான் மனம் போகிறது. வால்கிரியும் பாடும் துப்பாக்கியும் அந்த வரிசையில் உட்காரமாட்டார்கள். துப்பாக்கியை எடுத்துவிட்டு ‘சந்தச்சூடு’ என்று நிறுத்தினால் காய்ச்சல் மாதிரி இருக்கிறது.

என் பரிந்துரை தாளவேட்டு.

வேட்டு என்றால் வெடிப்பது மட்டுமல்ல, வெடிக்கும் ஓசையும்தான். வேட்டுச் சத்தம் கேட்டது என்கிறோம், வேட்டு கேட்டது என்றும் சொல்கிறோம். கோயில் திருவிழாவில் போடும் அதிர்வேட்டுக்கு யாரும் இலக்குப் பார்ப்பதில்லை, அது ஓசைக்காகவே போடப்படுவது. சுடுவதும் ஒலிப்பதும் ஒரே சொல்லுக்குள் இருப்பதால், பாட்டைத் துரத்தும் துப்பாக்கிக்கும் பொருந்தும், பாடும் துப்பாக்கிக்கும் பொருந்தும். அதிர்வேட்டு, வாணவேட்டு என்று ஏற்கெனவே கூட்டுச்சொற்கள் இருப்பதால் தாளவேட்டு காதுக்குப் புதிதாகவும் படாது. முதல் முறை எழுதும்போது ‘தாளவேட்டு ஆட்டம்’ என்று முழுசாக எழுதிவிட்டு, அப்புறம் தாளவேட்டு என்று சுருக்கிக்கொள்ளலாம்.

> வேட்டு வைப்பது என்றால் ஒருவர் பிழைப்பைக் கெடுப்பது. என் அலுவலகத்தில் தினமும் கேட்கும் சொல்.

உண்மைதான். ஆனால் அந்தப் பொருள் ‘வை’ என்ற வினையோடு வருவது. அதிர்வேட்டு என்றதும் யாரும் தன் வேலை போய்விடும் என்று பயப்படுவதில்லை.

> தாளம் என்பது சுழற்சி. சமம் (சுற்றின் முதல் அடி) உண்டு, ஆவர்த்தனம் (முழுச்சுற்று) உண்டு. இந்த ஆட்டங்களில் எல்லா அடியும் ஒன்றுதான். இங்கே இருப்பது லயம், தாளம் அல்ல.

இசையாசிரியர் ஐயா சொல்வதை இலக்கணமாக மறுக்க முடியாது. பிபிஎம்மில் நான்காவது அடியில் சுட்டாலும் முதல் அடியில் சுட்டாலும் ஒரே பலன்தான், சமத்துக்குத் தனி மரியாதை கிடையாது. ஆனால் டீக்கடைப் பெஞ்சில் விரலால் தட்டிக்கொண்டிருப்பவரைப் பார்த்து ‘தாளம் போடுகிறான்’ என்றுதான் சொல்கிறோம். ‘லயம் போடுகிறான்’ என்று சங்கீத வித்வான்கூடச் சொல்லமாட்டார். ஆட்டக்காரர் செய்வதும் அதே வேலை: ஓடும் பாட்டுக்கு விரலால் தாளம் போடுகிறார், விரலுக்குக் கீழே துப்பாக்கி இருக்கிறது. சந்தத்தைப் பாட்டெழுதுகிறவர்களுக்கே விட்டுவிடலாம்.

> ‘தாளவேட்டு’ + ஐ = ‘தாளவேட்டை’. வேட்டு எது, வேட்டை எது என்று எப்படித் தெரியும்?

இழையிலேயே கூர்மையான கேள்வி இதுதான். ‘நேற்று ஒரு தாளவேட்டை ஆடினேன்’ என்று எழுதினால் இரண்டு விதமாகவும் படிக்கலாம். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, ஏனென்றால் எப்படிப் படித்தாலும் நடந்ததுதான் வருகிறது. குழப்பம் வேண்டாம் என்பவர்கள் ‘தாளவேட்டினை’ என்று எழுதிக்கொள்ளட்டும்.

யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், தங்கள் பக்கம் வேட்டு இன்றும் செய்தி வழக்கில் உள்ள சொல் என்றும், மரியாதை வேட்டு தீர்த்தார்கள் என்று எழுதுவார்கள் என்றும் தனிமடலில் நினைவூட்டினார். அதே சமயம், போர்க்காலத்தில் அந்தச் சத்தத்தோடு வளர்ந்தவர்களுக்கு அது விளையாட்டுச் சொல்லாக இனிக்காது என்றும் சொன்னார். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்த நோக்கில் பார்த்தால் சூடு, சுடல், துப்பாக்கி மூன்றுக்கும் அதே பாரம் உண்டு. வேட்டில் மட்டும்தான் திருவிழாவும் சேர்ந்து வருகிறது.

துணைச் சொற்களையும் இப்போதே பார்த்துவிடுவது நல்லது, இல்லையென்றால் கட்டுரை எழுதும் கையில் பாதி ஆங்கிலம் வந்து நிற்கும்.

தாளத்தில் சுட்டே ஆக வேண்டிய பிபிஎம் வகைக்குக் கட்டுத்தாளம். எப்போது சுட்டாலும் ஓசை தாளத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் ரெஸ், ஒடொக்கி வகைக்கு ஒட்டுத்தாளம். இப்படி ஓசையைத் தாளப் புள்ளிக்கு நகர்த்துவதை ஆங்கிலத்தில் க்வான்டைஸ் என்கிறார்கள்; அதைத் ‘தாளத்தில் ஒட்டுதல்’ என்று சொன்னால் போதும், இசை மென்பொருள் பயன்படுத்துவோருக்கும் உதவும். கனடாவின் கிளவுட்ஹெட் கேம்ஸ் 2019இல் வெளியிட்ட மெய்நிகர் ஆட்டமான ‘பிஸ்டல் விப்’ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: தாளம் தப்பிச் சுட்டாலும் எதிரி விழுவான், மதிப்பெண் மட்டும் குறையும். ஹெல்சிங்கரும் ஏறக்குறைய அங்கேதான். இவற்றுக்கு ‘இளகு கட்டு’ என்று நானே ஒன்றை வைத்துப் பார்த்தேன், அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வேறு யாராவது சொல்லுங்கள்.

எவ்வளவு முந்தினாலும் பிந்தினாலும் ஆட்டம் ஏற்றுக்கொள்ளும் என்ற அளவுக்குப் பிசகு வரம்பு. ஆங்கிலத்தில் ஜன்னல் என்கிறார்கள், நமக்கு ஜன்னல் எதற்கு? ‘தாளம் பிசகியது’ என்று நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. முந்தினால் முந்தல், பிந்தினால் பிந்தல், சரியாக விழுந்தால் கச்சிதம். கர்நாடக இசையின் அதீதம், அனாகதம் இரண்டையும் எடுத்தாளலாம் என்ற யோசனை அழகுதான். ஆனால் அவை பாட்டின் எடுப்பை, அதாவது தாளத்தின் எந்த இடத்தில் பாட்டு தொடங்குகிறது என்பதைக் குறிப்பவை. பிழையைக் குறிப்பவை அல்ல. தப்பாகச் சுட்டவனுக்குப் போய் அந்தக் கௌரவம் எதற்கு?

இன்னொன்று, இதைத்தான் ஆடுபவர்கள் அதிகம் தேடுவார்கள்: ஓசைக்கும் திரைக்கும் விரலுக்கும் நடுவில் வரும் தாமதத்தைச் சரிசெய்யும் அமைப்பு. நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடையே அரை நொடி, அதாவது 500 மில்லிநொடி. புளூடூத் காதணிபாடி (ஹெட்போன்) 200 மில்லிநொடி தாமதப்படுத்தினால் கிட்டத்தட்ட அரை அடி காணாமல் போய்விடும். காதில் விழும் தாளத்துக்கு ஒழுங்காகத்தான் சுடுவீர்கள், ஆட்டம் ‘பிந்தல்’, ‘பிந்தல்’ என்று காட்டிக்கொண்டே இருக்கும். தாமதத்துக்குச் சுணக்கம் என்ற சொல் கணினித் தமிழில் ஏற்கெனவே புழங்குகிறது. எனவே சுணக்கச் சரிக்கட்டு. காதணிபாடி என்ற சொல்லை இந்த மடலுக்காகப் பயன்படுத்தினேன். ஹெட்போன் என்றே எழுதுவோர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

எல்லை பற்றி ஒரு வார்த்தை. ‘பீட் ஹசார்ட்’ நம் கணினியில் உள்ள பாட்டையே வாங்கிக்கொண்டு, பாட்டு எவ்வளவு உரத்து ஒலிக்கிறதோ அவ்வளவு வலுவைத் துப்பாக்கிக்குக் கொடுக்கும். குத்துப்பாட்டைப் போட்டால் திரையே கொளுத்தும், தாலாட்டைப் போட்டால் விண்கலம் தூங்கி வழியும். இதில் தாளத்துக்குச் சுட வேண்டிய கட்டாயமும் இல்லை, சுடும் ஓசை தாளத்தில் ஒட்டுவதும் இல்லை. என் கணக்கில் இது தாளவேட்டு ஆகாது; ‘இசையூட்டு வேட்டு’ என்று வேண்டுமானால் தனியாக வைக்கலாம். ‘ஜஸ்ட் ஷேப்ஸ் அண்டு பீட்ஸ்’ பாட்டுக்கு ஏற்ப வரும் உருவங்களிடமிருந்து தப்பிக்கும் ஆட்டம், நம் கையில் துப்பாக்கியே கிடையாது. அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ‘பீட் சேபர்’ வாள் ஆட்டம், அதையும்தான்.

ஆட்சேபம் இருப்பவர்கள் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் தாளவேட்டு, கட்டுத்தாளம், ஒட்டுத்தாளம், பிசகு வரம்பு, சுணக்கச் சரிக்கட்டு ஐந்தையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். இளகு கட்டுக்கு மாற்று கிடைக்கும்வரை அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். அடுத்து, திரை நிறையக் குண்டுகள் பாய்ந்து வரும் ‘புல்லட் ஹெல்’ ஆட்ட வகைக்கும் ஒரு பெயர் வேண்டும். குண்டுமழை என்று யாரும் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: அந்தச் சொல்லைப் போர்ச் செய்தி எழுதுவோர் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.