பழைய தடை காணாமல் போன நான்காம் நாள்: மீடியாவிக்கி அனுபவங்கள்

விக்கியில் நிர்வாகியாக இருந்தவர்கள், தானியங்கி (பாட்) ஓட்டியவர்கள், நிர்வாகத் திரையோ, நிரல்கள் விக்கியோடு பேசும் வழியான ஏபிஐயோ மாறியபோது தடுமாறிய கதை இருந்தால் இங்கே சொல்லுங்கள். என் கதையில் தொடங்குகிறேன்.

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் ஓடும் ஒரு சிறு விக்கிக்கு நான் நிர்வாகி. அங்கே ஒரு பயனர் நல்ல கட்டுரைகள் எழுதுவார். தன் ஊர்க் கோயிலைப் பற்றிய ஒரே ஒரு கட்டுரையில் மட்டும் எல்லாரோடும் மல்லுக்கு நிற்பார். 2019இல் வந்த பகுதித் தடை இப்படிப்பட்ட நிலைமைக்கென்றே அமைந்த வசதி. அந்த ஒரு பக்கத்தை மட்டும் அவருக்கு மூடிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் திறந்து வைக்கலாம். காலவரையின்றிப் போட்டோம். அவரும் வேறு கட்டுரைகளில் நிம்மதியாக எழுதிக்கொண்டிருந்தார்.

எட்டு மாதம் கழித்து ஒரு பேச்சுப் பக்கத்தில் வார்த்தை தடித்தது. மூன்று நாள் முழுத் தடை போடலாம் என்று தடைப் பக்கத்தைத் திறந்தேன். இவர் ஏற்கெனவே தடையில் இருக்கிறார், அமைப்பை மாற்ற வேண்டுமா என்று கேட்டது. படிவத்தில் பழைய விவரங்கள் நிரம்பியிருந்தன. பகுதி என்பதை முழு என்று மாற்றினேன், காலத்தில் 3 நாள் கொடுத்தேன், பொத்தானை அழுத்தினேன். நான்காம் நாள் காலையில் அண்மைய மாற்றங்களைப் பார்த்தால், அதே கோயில் கட்டுரையில் அவருடைய தொகுப்பு! முழுத் தடை முடிந்ததும் அடியில் இருக்கும் பழைய தடை தானாக வேலை செய்யும் என்று நினைத்திருந்தேன். அடியில் எதுவுமே இல்லை. நான் பழைய தடையின் மேலேயே எழுதியிருக்கிறேன். அவர் மேல் தப்பே கிடையாது. தடை நீங்கிவிட்டது என்றுதான் அவருக்கும் தோன்றியிருக்கும்.

அப்புறம்தான் உள்ளே போய்ப் பார்த்தேன். தடைகளை வைத்திருந்த ஐபிபிளாக்ஸ் அட்டவணையில், ஒரே பயனருக்கு இரண்டாவது வரி சேராதபடி தரவுத்தளமே பார்த்துக்கொண்டது. ஒருவருக்கு ஒரு தடை என்பது அஸ்திவாரத்திலேயே பதிந்திருந்தது. திரையில் ஒரு பொத்தானைக் கூட்டி இதைத் தீர்க்கவே முடியாது. ஆகவே மீடியாவிக்கியை உருவாக்குபவர்கள் கீழே தரவுத்தளத்திலிருந்து தொடங்கினார்கள். மீடியாவிக்கியின் 1.42 பதிப்பில் யார் மேல் தடை என்பதற்கு ஓர் அட்டவணை, தடைகளுக்கு இன்னோர் அட்டவணை என்று பிரிந்தது. 1.43இல் பழைய அட்டவணை போனது. 2025இல் வெளியான 1.44இல்தான், கோடெக்ஸ் என்ற வடிவமைப்புக் கூறுகளை வைத்து, வியூ என்ற ஜாவாஸ்கிரிப்ட் சட்டகத்தில் கட்டிய புதுத் தடைப் பக்கமும், ஒருவர் மேல் பல தடைகள் போடும் வசதியும் கைக்கு வந்தன. இவ்வளவு நாள் ஆகிறதே என்று அப்போது பொறுமை இழந்தவர்களில் நானும் ஒருவன். இப்போது யோசித்தால் இதுதான் சரியான வரிசை. திரையை மட்டும் முதலில் அழகாக்கியிருந்தால், அழகான திரையிலும் அதே தவற்றைத்தான் செய்திருப்பேன்.

புதுத் திரையில் பயனர் பெயரைக் கொடுத்ததும் நடப்பிலுள்ள தடைகள் ஒவ்வொன்றும் தனி வரியாக வருகின்றன. ஒவ்வொரு வரியிலும் திருத்தவும் நீக்கவும் பொத்தான்கள். பழைய தடைகளின் பதிவேடும் அங்கேயே இருக்கிறது. இன்னொரு தடை சேர்ப்பது தனிப் பொத்தான். 'மாற்றுகிறேனா, சேர்க்கிறேனா' என்ற குழப்பத்துக்கே இடமில்லை.

ஏபிஐயிலும் அதே பிரிவினை வந்தது. முன்பு ரீபிளாக் என்று கொடுத்தால் இருக்கும் தடையின் மேல் எழுதும். இப்போது ஒருவர் மேல் இரண்டு தடை இருந்தால், எதை மாற்றுவது என்று அதற்குத் தெரியாது, பிழை காட்டி நிற்கும். தடையின் அடையாள எண்ணைச் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்க்க நியூபிளாக் என்று தனியே ஒன்று உண்டு. விளம்பர எரிதம் போடுபவர்களைத் தடுக்க நான் எழுதி வைத்திருந்த நிரல் இதில் நின்றுபோனது. நின்றதில் எனக்கு மகிழ்ச்சிதான். தப்பாக ஓடியிருந்தால் இன்னொரு நான்காம் நாள் வந்திருக்கும்.

மறுமொழி 1

அண்ணா, உங்கள் நிரலாவது பிழை காட்டி நின்றது. என்னுடையது சத்தமே இல்லாமல் பாதி வேலை செய்தது.

2015இல் வந்த 1.26 கதை இது. பகுப்பு இல்லாத கட்டுரைகளைப் பட்டியலெடுக்கும் ஒரு தானியங்கி வைத்திருந்தேன். ஏபிஐ மொத்தப் பட்டியலையும் ஒரே மூச்சில் தராது. என் நிரலுக்கு ஒரு தடவையில் 500 என்று தந்துவிட்டு, மீதியை எங்கிருந்து கேட்பது என்று ஒரு குறிப்பு வைக்கும். பழைய முறையில் அந்தக் குறிப்பு குவெரி-கண்டினியூ என்ற பெயரில் வரும். 1.26இல் இருந்து, நாம் தனியாகக் கேட்டாலொழிய, அது கண்டினியூ என்ற பெயரில் வேறு வடிவத்தில் வந்தது. என் நிரல் பழைய பெயரைத் தேடியது. காணவில்லை, சரி பட்டியல் முடிந்தது என்று முதல் 500உடன் வேலையை முடித்துக்கொண்டது. பிழைச் செய்தி எதுவும் கிடையாது. மூன்று வாரம் கழித்து, எண்ணிக்கை எப்போதும் சரியாக 500 ஆகவே இருப்பதைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்தது.

இதில் வருத்தம் என்னவென்றால், அதற்கு முன்பே பல மாதங்களாக ஏபிஐ ஒவ்வொரு பதிலிலும் எச்சரிக்கை வைத்துக்கொண்டிருந்தது: இந்த வடிவம் மாறப்போகிறது, பழையதே வேண்டுமென்றால் ராகண்டினியூ என்று சேர்த்துக் கேள். எச்சரிக்கைப் பகுதியை என் நிரல் படிக்கவே இல்லை. புது முறை நல்ல முறைதான், அதையும் சொல்ல வேண்டும். வந்த குறிப்பை அப்படியே அடுத்த கேள்வியில் சேர்த்து அனுப்பினால் போதும். முன்பு ஜெனரேட்டர் (ஒரு பட்டியலில் வரும் பக்கங்களின் விவரங்களையும் ஒரே கேள்வியில் கேட்கும் முறை) வைத்துக் கேட்டால், எதை முதலில் தொடர்வது என்பதை நாமே கணக்குப் போட வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் தானியங்கி எழுத உதவும் பைவிக்கிபாட் என்ற பைத்தான் நிரலகம் வழியாகவே போகிறேன், இந்த வேலையை அதுவே பார்த்துக்கொள்கிறது.

மறுமொழி 2

தமிழில் வேலை செய்பவர்களுக்கு 1.25இல் வந்த ஃபார்மேட்வெர்ஷன் 2 என்ற ஏபிஐயின் புதுப் பதில் வடிவம் பெரிய உதவி. ஏனோ அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பழைய வடிவத்தில் ஏபிஐ தரும் ஜேசான் (தரவை உரையாக எழுதும் முறை) பதிலைத் திறந்தால் தமிழ் எழுத்தே கண்ணில் படாது. ஒவ்வொரு குறியும் ஒரு பின்சாய்வுக்கோடு, ஒரு யு, நான்கு இலக்கங்கள் என்று ஆறு எழுத்துகளாக வரும். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். ஆக 30 பைட். எழுத்துகளை நேராகவே வைக்கும் யுடிஎஃப்-8 குறிமுறையில், அதாவது புது வடிவத்தில், அதுவே 15. அளவு பாதியாகிறது என்பதைவிட, பிழை தேடும்போது கட்டுரைத் தலைப்பைக் கண்ணால் படிக்க முடிகிறதே, அதுதான் எனக்குப் பெரிது. முன்பெல்லாம் எந்தப் பக்கத்தில் சிக்கல் என்று பார்க்கவே அதை வேறிடத்தில் ஒட்டி மாற்றிப் படிக்க வேண்டும். மெய், பொய் என்று வர வேண்டிய இடத்தில் வெற்றுச் சரம் வருவதும் இதில் இல்லை.

மறுமொழி 3

நான் நிரல் எழுதுபவள் இல்லை. டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் இடைமுகச் செய்திகளை மொழிபெயர்க்கிறேன். திரை மாறும்போதெல்லாம் எங்களுக்குப் புதுச் செய்திகள் வரிசைகட்டும்.

செய்தி முழு வாக்கியமாக வந்தால் பிரச்சினை இல்லை. 'தடு' என்று ஒரு துண்டு, பயனர் பெயர் ஒரு துண்டு, பக்கப் பெயர் ஒரு துண்டு என்று பிரித்துக் கொடுத்தால்தான் தவிப்பு. நமக்கு வினை கடைசியில் வர வேண்டும். பெயரோடு வேற்றுமை உருபு ஒட்ட வேண்டும். பெயர் எந்த எழுத்தில் முடியும் என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் பெயருக்குப் பின் 'என்ற பயனரை' என்று போட்டுத் தப்பிக்கிறோம். நீளமாகும், ஆனால் எல்லாப் பெயருக்கும் பொருந்தும். நிர்வாகத் திரை வடிவமைப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: பொத்தானின் அகலத்தைத் தமிழை வைத்து ஒருமுறை பாருங்கள். புதுத் தடைப் பக்கத்துக்கும் 'தடையைச் சேர்' என்று சுருக்கமாக வைப்பதா, 'மேலும் ஒரு தடையைச் சேர்' என்று தெளிவாக வைப்பதா என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். இழையின் தொடக்கத்தில் உள்ள கதையைப் படித்தபின் 'மேலும் ஒரு' என்பதுதான் சரியென்று தோன்றுகிறது.

இழையைத் தொடங்கியவர்

அக்கா, தயவுசெய்து 'மேலும் ஒரு' என்றே வையுங்கள். எனக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது அந்த இரண்டு சொல்தான்.

தம்பி சொன்ன எச்சரிக்கைப் பகுதியை இப்போது என் நிரல் ஒவ்வொரு முறையும் எடுத்து எனக்கு அஞ்சலில் அனுப்புகிறது. நேற்று இரண்டு வந்தன, ஒன்றைச் சரிசெய்துவிட்டேன். கோயில் கட்டுரைக்காரர் என்ன ஆனார் என்று தனியஞ்சலில் ஒருவர் கேட்டிருந்தார். பகுதித் தடையைத் திரும்பப் போட்டபோது நடந்ததை அவருடைய பேச்சுப் பக்கத்தில் விளக்கமாக எழுதினேன், ஏற்றுக்கொண்டார். போன தை மாதம் அந்தத் தடையையும் எடுத்துவிட்டோம். கோயில் தேரோட்டப் படங்கள் பதினொன்று பதிவேற்றியிருக்கிறார்.