யூட்டாவின் செம்மணற்கல் வளைவுகள்: துளைத்தது காற்றா, நீரா?

கேள்வி – மலைப்பாதை
அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் நகருக்கு அருகிலுள்ள ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் 2,000க்கும் மேற்பட்ட இயற்கை வளைவுகள் உள்ளன. மணலை வாரியடிக்கும் காற்றுதான் இவற்றைக் குடைந்தது என்று பயணக் கட்டுரைகளில் படித்தேன். அப்படியானால் எல்லாப் பாலைவனங்களிலும் இத்தனை வளைவுகள் இருக்க வேண்டுமே? பாறை சிவந்ததற்குக் காரணம் என்ன?

மறுமொழி – கற்படுகை
காற்றுக்கு இதில் பெரிய பங்கு கிடையாது. அந்த இடத்தின் தனிச்சிறப்பு தரைக்கு அடியில் கிடக்கும் உப்பு. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த கடல் திரும்பத் திரும்ப வற்றியதால் மிகத் தடித்த உப்புப் படுகை உருவானது. பின்னர் அதன்மேல் படிந்த பாறைகளின் சுமை தாங்காமல், அழுத்திய மாவைப் போல உப்பு பக்கவாட்டில் நகர்ந்து ஆங்காங்கே புடைத்தெழ, மேலிருந்த எண்ட்ராடா மணற்கல் இணைகோடுகளாக வெடித்தது. வெடிப்புகளை மழைநீர் அகலப்படுத்தியதும் நடுவே மெல்லிய கற்சுவர்கள் எஞ்சின. உப்பும் இத்தகைய வெடிப்புகளும் இல்லாத பாலைவனத்தில் இவ்வளவு சுவர்கள் அமையா. மணற்பரல்களின்மேல் படிந்த ஹெமடைட் என்னும் இரும்பு ஆக்சைடு ஏடுதான் சிவப்பு நிறத்தைத் தருகிறது.

மறுமொழி – நிலவியல் மாணவி
சுவர் எப்படித் துளையாகிறது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். மழைநீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மென்னமிலமாகி, பரல்களை ஒட்டிவைத்திருக்கும் கால்சைட்டைக் கரைக்கிறது. சுவரின் அடிப்பகுதியில், மென்மையான அடுக்கு தொடங்கும் இடத்தில், ஈரம் நெடுநாள் தங்குகிறது. அங்குள்ள நிழற்குழியைத் தொட்டாலே மணல் உதிரும். குளிர்காலத்தில் விரிசலுக்குள் புகுந்த நீர் உறைந்து விரியும்போது பாறை சில்லுகளாகப் பெயர்கிறது. குழி மறுபக்கம் வரை எட்டிவிட்டால் துளை. பிறகு கூரையிலிருந்து பாளங்கள் உதிர, அது வளைவாக விரிகிறது.

மறுமொழி – மலைப்பாதை
மிக்க நன்றி. ஓயாமல் உதிரும் கல் எப்படி நிலைத்து நிற்கிறது?

மறுமொழி – கற்படுகை
சுமை தாங்கும் பரல்கள் ஒன்றோடொன்று இறுகிப் பூட்டிக்கொள்வதால் அவை எளிதில் அரிபடுவதில்லை என்றும், சுமையற்ற பகுதியே முதலில் உதிர்கிறது என்றும் 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. என்றாலும் இந்த நிலைப்பு தற்காலிகமானதே. ஏறத்தாழ 88 மீட்டர் அகலமுள்ள லேண்ட்ஸ்கேப் வளைவிலிருந்து 1991இல் சுமார் 18 மீட்டர் நீளப் பாளம் பெயர்ந்து விழுந்தது. அதற்குப் பின் அதன் அடியில் செல்லும் பாதையை மூடிவிட்டார்கள். வால் ஆர்ச் என்ற வளைவோ 2008 ஆகஸ்டில் முற்றிலுமாக இடிந்தது.