படிக்கட்டுக்கு அடியில் வெடித்த பீர்

கோவென்ட்ரிக்காரன்:
வீட்டில் முதன்முதலாகப் பீர் வடித்துப் பாட்டிலில் அடைத்த கதை இருந்தால் சொல்லுங்கள். என் மானம் ஏற்கெனவே போய்விட்டதால் நானே தொடங்குகிறேன்.

போன நவம்பர். டப்பாவில் வரும் மால்ட் (முளைகட்டிய பார்லி) சாற்றில் 20 லிட்டர் பேல் ஏல் என்கிற வெளிர் நிற பீர். ஏழாம் நாள், வாயுவை மட்டும் வெளியே விடும் மூடியான ஏர்லாக்கில் குமிழி நின்றது. சர்க்கரை எவ்வளவு மீந்திருக்கிறது என்று அடர்த்தியை வைத்துக் காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டேன், 1.016. அது அதிகம் என்று சொல்ல ஆளில்லை. பாட்டிலுக்குள் வாயு உண்டாகி நுரை வர, லிட்டருக்கு 6 கிராம் வீதம் 120 கிராம் சீனி கலந்து, அரை லிட்டர் கண்ணாடி பாட்டில்கள் 38 நிரப்பி, மூடி அழுத்தி, படிக்கட்டுக்கு அடியில் இருந்த அலமாரியில் அடுக்கினேன்.

பதினோராம் நாள் இரவு இரண்டு மணிக்கு, சமையலறையில் யாரோ தட்டைப் போட்டு உடைத்தது போல ஒரு சத்தம். "திருடன்" என்றாள் மனைவி. அடுத்த சத்தத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. அலமாரியைத் திறந்தால் புளித்த வாடை. என் மழைக்கோட்டில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிச் சில்லு குத்திக்கொண்டு நின்றது. மகனின் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, தடித்த கையுறையோடு, மிச்சத்தை ஒவ்வொன்றாகப் போர்வையில் சுற்றித் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். இப்போது நினைத்தால் அதுவும் முட்டாள்தனம்தான்.

கணக்கு பிறகுதான் தெரிந்தது. சர்க்கரையைத் தின்று வாயு விடும் அந்த ஈஸ்ட், ஹைட்ரோமீட்டர் எண்ணை 1.010 வரை இறக்கக்கூடியது. மீந்திருந்த மால்ட் சர்க்கரை மட்டுமே, நான் தராசில் நிறுத்துப் போட்ட சீனியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. குமிழி நின்றதை நம்பக் கூடாது. இரண்டு மூன்று நாள் விட்டு அளந்தாலும் அதே எண் வர வேண்டும்.

மெல்பர்ன் மருமகள்:
உங்களுக்கு வெடித்தது, எனக்கு 'உஸ்' என்றுகூடச் சொல்லவில்லை. ஜூலை மாதம், இங்கே குளிர்காலம், கராஜில் 11 டிகிரி. பொறுமை இல்லாமல் மூன்று நாளைக்கு ஒன்றாகத் திறந்து, இனிப்பான கசப்புத் தண்ணீரைக் குடித்து ஆறு பாட்டிலை வீணாக்கினேன். இன்னும் சீனி போடலாமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளை, போடவில்லை.

ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனில் "புளிக்கவே மாட்டேன் என்கிறது" என்று மட்டும் சொன்னேன். இட்லி மாவு என்று நினைத்துக்கொண்டு, "குளிரில் வைத்தால் எப்படிப் பொங்கும்? சூடான இடமாகப் பார்த்து வை" என்றார். வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரிக்கு மாற்றினேன். 20 டிகிரி இருக்கும். அடியில் தூங்கிய ஈஸ்ட் எழட்டும் என்று பாட்டில்களை ஒருமுறை மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினேன். இரண்டு வாரம் கழித்துத் திறந்தபோது இரண்டு விரல் உயரத்துக்கு நுரை நின்றது. அது என்ன மாவு என்று அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

மால்ட் சித்தப்பா:
பாட்டிலுக்கு அரைக் கரண்டி என்று சீனி போடுகிற பழக்கம் யாருக்காவது இருந்தால் விடுங்கள், தம்பி. ஒன்று பொங்கும், ஒன்று சாகும். மொத்தச் சீனியையும் ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, காலி வாளியில் முதலில் ஊற்றி, அதன்மேல் பீரைக் குழாய் வழியாகச் சலசலப்பில்லாமல் இறக்குங்கள். காற்று கலந்தால் நாலு வாரத்தில் ஈர அட்டைப்பெட்டி ருசி வரும். நான் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலையும் நிரப்பி வைப்பேன். அமுக்கிப் பார்த்துக் கல்லாக இருந்தால் கண்ணாடியும் தயார். அளவு மீறிக் கல்லானால் எல்லாவற்றையும் உடனே குளிரில் வைத்துவிடலாம்.

இங்கிலாந்தில் 1963 வரை வீட்டில் பீர் வடிக்க உரிமம் வேண்டும். உங்கள் கதையைக் கேட்டால் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவார்கள். அது போகட்டும், 38-இல் மிஞ்சியது எத்தனை?

கோவென்ட்ரிக்காரன்:
நான்கு, சித்தப்பா. அன்று காலையிலேயே குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தவை. கிறிஸ்துமஸ் அன்று வாளிக்குள் பிடித்துக்கொண்டு திறந்தோம். பாதி வாளிக்குப் போனது. மீதி அருமையாக இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.